எக்ஸ்ரே நன்றாக இருந்தது, பாதம் ஏன் சில்லிட்டது?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. பொங்கலுக்கு எங்கள் ஊரில் நடந்த கபடிப் போட்டியில் பாடிப் போனவன், நடுக்கோட்டைத் தொட எட்டியபோது ஒருவர் கணுக்காலைப் பிடிக்க, இரண்டு பேர் முட்டிமேல் விழுந்தார்கள். முட்டி பின்பக்கமாக வளைந்து கோணிக்கொண்டது. நான்தான் காலை இழுத்து நேராக்கினேன். 'டக்' என்று சேர்ந்துவிட்டது. ஒன்றரை மணி நேரத்தில் பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போனோம். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது, பாதத்தில் நாடி இருக்கிறது, ஜவ்வு கிழிந்திருக்கும் என்று சொல்லிக் கட்டுப் போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரவெல்லாம் கெண்டைக்கால் வலியில் துடித்தான். விடியும்போது பாதம் சில்லிட்டுக் கிடந்தது, விரல் அசையவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். 'நரம்பு கிழிந்து அடைத்துவிட்டது' என்று உடனே ஆபரேஷன் செய்தார்கள். மற்றக் காலிலிருந்து நரம்பு எடுத்து வைத்தார்கள். கெண்டைக்காலில் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறி விட்டிருந்தார்கள். கால் பிழைத்தது. மூன்று மாதம் ஆகிறது, இன்னும் பாதத்தை மேலே தூக்க வரவில்லை. எக்ஸ்ரே சரியாக இருந்தும் எப்படி இப்படி ஆனது? பாதம் தேறுமா? திரும்ப ஆடலாமா? எங்கள் பெரியப்பாவுக்கு 64 வயது. ஷட்டில் ஆடும்போது அவருக்குத் தோள் விலகும், அவரே போட்டுக்கொள்வார். அவருக்கும் இப்படி ஆகுமா? எல்லாவற்றையும்விட, நான் இழுத்ததால்தான் அந்த நரம்பு கிழிந்ததா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விருதுநகர் மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். நீங்கள் இழுத்ததால் தம்பியின் ரத்தக்குழாய் கிழிந்திருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. முட்டி பின்பக்கமாக வளைந்த அந்த நொடியிலேயே அது சேதமாகிவிட்டது. நீங்கள் காலைத் தொடுவதற்கு முன்பே நடந்து முடிந்த காரியம் அது. சொல்லப்போனால், எலும்பு நேரானதும் அதன் பின்னால் விறைத்து இழுபட்டு நின்ற குழாய் தளர்ந்து, கொஞ்சம் ரத்தமாவது கீழே இறங்கியிருக்கும். முட்டி விலகி, பாதம் வெளிறிப்போய் ஒருவர் வந்தால், எக்ஸ்ரேவுக்குக்கூடக் காத்திராமல் நாங்கள் செய்கிற முதல் வேலையும் மூட்டை நேராக்குவதுதான். மூன்று மாதமாக இந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள் என்பது கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. இறக்கி வையுங்கள். இதைத் தம்பிக்கும் படித்துக் காட்டுங்கள். அவன் மனதிலும் அந்தக் கேள்வி இருக்கலாம்.

அடுத்து, ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்வோம். நம் ஊரில் எல்லாமே 'நரம்பு'தான். கையில் பச்சையாகத் தெரிவதும் நரம்பு, ஊசி போடுவதும் நரம்பில், கால் மரத்துப்போனாலும் நரம்புக் கோளாறு. உண்மையில் தம்பிக்கு அடிபட்டவை இரண்டு வேறு பொருள்கள். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கீழே கொண்டுபோகும் தமனி ஒன்று. மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும் உண்மையான நரம்பு இன்னொன்று. மற்றக் காலிலிருந்து எடுத்தது மூன்றாவது வகை. ரத்தத்தை மேலே திருப்பிக் கொண்டுவரும் சிரை அது. வீட்டில் இதைப் பிரித்துச் சொல்லாமல் 'நரம்பு, நரம்பு' என்றே பேசிக்கொண்டிருந்தால், எது தேறிவிட்டது, எது இன்னும் தேற வேண்டும் என்பது யாருக்கும் புரியாது. தமனியைச் சரிசெய்தாகிவிட்டது. பாதம் தூக்க வராததற்குப் பெரும்பாலும் நரம்பு காரணம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முழங்காலை மடக்கினால் பின்னால் பள்ளம் விழுமே, அந்தப் பள்ளத்தின் ஆழத்தில், எலும்பை ஒட்டியபடி அந்தத் தமனி போகிறது. மேலே தொடைத் தசையில் உள்ள ஒரு வளையத்தின் வழியாக நுழைகிறது. கீழே கெண்டைக்கால் தசையின் வளைவுக்கு அடியில் புகுந்து வெளியேறுகிறது. இரண்டு முனையிலும் இறுகக் கட்டிய கொடிக்கயிறு மாதிரி, நடுவில் ஒதுங்க இடமில்லாமல் நிற்கிறது. உடம்பின் மற்றப் பல இடங்களில் எலும்பு நகர்ந்தால் ரத்தக்குழாய் வழுக்கி ஒதுங்கிக்கொள்ளும். இங்கே முடியாது. முட்டியைச் சுற்றிச் சின்னச் சின்ன மாற்றுக் குழாய்கள் உண்டு, ஆனால் பெருஞ்சாலை அடைத்த பிறகு ஒரு முழுப் பாதத்தையும் அவற்றால் காப்பாற்ற முடிவதில்லை.

1963-ல் கனடாவைச் சேர்ந்த ஜே.சி. கென்னடி என்ற எலும்பு மருத்துவர் இறந்தவர்களின் முழங்கால்களை வைத்து இதைச் சோதித்தார். முட்டியைப் பின்பக்கமாக வளைத்துக்கொண்டே போனால் ஏறத்தாழ 30 டிகிரியில் மூட்டின் பின்னுறை கிழிகிறது, 50 டிகிரி அளவில் தமனி கிழிகிறது. கபடியில் கணுக்கால் பிடியில் மாட்டிய கால் நீட்டி நிற்கும்போது இரண்டு பேரின் எடை முட்டியின் முன்பக்கம் விழுந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். கால்பந்திலும், பள்ளத்தில் கால் வைத்து விழும் மெதுவோட்டக்காரரிடமும் இதே வளைவு நேரலாம். உடல் எடை மிக அதிகமாக உள்ளவர்களுக்குப் படியில் கால் தவறினாலே முட்டி விலகி, தமனி கிழிந்த நேர்வுகள் மருத்துவ இதழ்களில் நிறைய உண்டு. 'சும்மா விளையாட்டில் பட்ட அடிதானே' என்ற பேச்சு இந்த ஒரு காயத்தில் செல்லாது.

சரி, எக்ஸ்ரே ஏன் ஏமாற்றியது? எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். அதுவும் படம் எடுக்கும் நேரத்தில் எலும்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் காட்டும். விலகிய முழங்கால்களில் கணிசமானவை மருத்துவமனை சேருவதற்குள் தானாகவோ, உங்களைப் போன்ற ஒருவர் கையாலோ பழைய இடத்துக்கு வந்துவிடுகின்றன. அப்போது படத்தில் ஒன்றும் இருக்காது. பார்ப்பவர் 'ஜவ்வு கிழிசல்' என்று நினைத்துவிடுவார். ஆகவே முட்டி கோணியதைக் கண்ணால் பார்த்தவர் சொல்லும் வார்த்தைதான் அங்கே ஆதாரம். 'முட்டி பின்பக்கமாக வளைந்து முழுசாக விலகியது, நாங்கள்தான் நேராக்கினோம்' என்ற அந்த ஒரு வாக்கியத்தை உரக்கச் சொல்ல வேண்டும். நீங்கள் அன்று சொன்னீர்களா, சொல்லியும் கவனிக்கவில்லையா என்பது கடிதத்தில் இல்லை. பதற்றத்தில் எல்லோரும் 'கால் மடங்கிடுச்சு' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவதைப் பல வருடமாகப் பார்க்கிறேன்.

'பாதத்தில் நாடி இருக்கிறது' என்று அந்த மருத்துவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. இதைப் புரிந்துகொள்வது முக்கியம். தமனி ஒரே படலம் கொண்ட குழாய் இல்லை. வெளிச்சுவர், நடுத்தசை, உள்ளே வழவழப்பான மெல்லிய உள்பூச்சு என மூன்று அடுக்கு. இழுபடும்போது முதலில் கிழிவது உள்பூச்சு. வெளியிலிருந்து பார்த்தால் குழாய் முழுசாக இருக்கும். உள்ளே பூச்சு உரிந்து, சுவரை விட்டுப் பிரிந்து நிற்கும். ரத்தம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டுதான் இருக்கும், நாடியும் துடிக்கும். ஆனால் உரிந்த இடத்தில் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக உறையத் தொடங்குகிறது. சில மணி நேரத்தில், சிலருக்கு ஒரு நாள் கழித்துக்கூட, குழாய் முழுதாக அடைத்துக்கொள்கிறது. உங்கள் தம்பிக்கு நடந்தது அநேகமாக இதுதான். மாலையில் இருந்த நாடி இரவில் போயிருக்கிறது. விளையாட்டுத் திடலிலேயே ரத்தம் முழுக்க நின்றிருந்தால், மறுநாள் காலை நடந்த ஆபரேஷனில் அந்தக் கால் பிழைத்திருக்காது.

ஆனாலும் அன்று இரவு அவனை வீட்டுக்கு அனுப்பியது தவறு. என் தொழிலைச் சேர்ந்த ஒருவர் செய்ததுதான், இருந்தாலும் அதை மழுப்ப எனக்கு மனமில்லை. முட்டி முழுசாக விலகியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் உள்ளே வைத்து, திரும்பத் திரும்ப நாடி பார்க்க வேண்டும். கையால் தொட்டுப் பார்ப்பது மட்டும் போதாது. எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற அதே பட்டையைக் கணுக்காலுக்கு மேல் கட்டி, சின்ன டாப்ளர் கருவியால் ஓசை கேட்டு, அங்கே அழுத்தம் எவ்வளவு என்று அளக்கிறோம். அதைக் கையில் உள்ள அழுத்தத்தால் வகுக்கிறோம். கையில் 120, கணுக்காலில் 126 என்றால் 1.05, நல்லது. கணுக்காலில் 96 என்றால் 0.8. 0.9-க்குக் கீழே வந்தால் உடனே சி.டி. ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் ஸ்கேன். 2004-ல் அமெரிக்காவில் விலகிய முழங்காலோடு வந்த 38 பேரிடம் இதைச் செய்து பார்த்தார்கள். 0.9-க்குக் கீழே இருந்த 11 பேருக்கும் தமனியில் காயம் இருந்தது. மற்ற 27 பேரில் ஒருவருக்கும் இல்லை. ஆயுதம் என்று பார்த்தால் ஒரு பட்டையும், உள்ளங்கையில் அடங்கும் டாப்ளரும்தான். தாலுகா மருத்துவமனைகளிலும் சின்னத் தனியார் மருத்துவமனைகளிலும் பிரசவப் பிரிவில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கக் கையடக்க டாப்ளர் இருக்கிறதே, ஆத்திர அவசரத்துக்குக் கணுக்காலில் ஓசை இருக்கிறதா என்று அதை வைத்துக்கூட ஓரளவு கேட்டுப் பார்க்கலாம். இதைப் படிக்கும் இளம் மருத்துவர்கள் யாராவது இருந்தால், இந்தப் பத்தியை அவர்களுக்காகவும் எழுதியிருக்கிறேன்.

இரவில் அவன் துடித்த வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிபட்ட இடம் முட்டி, வலித்த இடம் கெண்டைக்கால். கட்டும் மாத்திரையும் போட்ட பிறகு வலி குறைய வேண்டும், ஏறிக்கொண்டே போனது. இந்த இரண்டும் சேர்ந்தாலே விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ரத்தம் கிடைக்காத தசை எழுப்பும் ஓலம் அது. மருத்துவமனையில் நாங்கள் கால் பெருவிரலை மெதுவாக மேலே மடக்கிப் பார்ப்போம். கெண்டைக்காலில் உயிர் போகிற மாதிரி வலித்தால் உள்ளே அழுத்தம் ஏறிவிட்டது என்று பொருள். கொஞ்ச நேரத்தில் வலி குறைந்து மரத்துப்போனால் 'பரவாயில்லை, தூங்கிட்டான்' என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள். அந்த நிம்மதிதான் பலருடைய காலை வாங்கியிருக்கிறது. மரத்துப்போவது தேறுவதன் அடையாளம் இல்லை, நரம்பும் ரத்தமில்லாமல் சாகத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம்.

இந்தக் காயத்தில் மணிக்கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1977-ல் கிரீன், ஆலன் என்ற இருவர் விலகிய முழங்கால்கள் 245-ஐத் தொகுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தமனியில் காயம் இருந்தது. எட்டு மணி நேரத்துக்குள் தமனியைச் சரிசெய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குக் கால் மிஞ்சியது. எட்டு மணி நேரம் தாண்டியவர்களில் 86 சதவீதம் பேருக்குக் காலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்று நிலைமை நன்றாக முன்னேறியிருக்கிறது. 2014-ல் வந்த ஒரு தொகுப்பில் தமனிக் காயம் 18 சதவீதம், அவர்களில் காலை இழந்தவர்கள் 12 சதவீதம். ஆனால் அந்த எட்டு மணி நேரக் கணக்கு மாறவில்லை. தசையும் நரம்பும் 1977-ல் எவ்வளவு நேரம் பொறுத்தனவோ அவ்வளவு நேரம்தான் இப்போதும் பொறுக்கின்றன.

கொஞ்சம் பின்னோக்கிப் போனால் உங்கள் தம்பி எவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து மீண்டிருக்கிறான் என்பது புரியும். இரண்டாம் உலகப் போரில் முழங்காலுக்குப் பின்னுள்ள இந்தத் தமனியில் காயம்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் காலை இழந்தார்கள். அப்போது பெரும்பாலும் ரத்தக்குழாயைக் கட்டிவிடுவதுதான் வழக்கம், தைப்பது அபூர்வம். தைக்கும் கலை அதற்கு முன்பே பிறந்துவிட்டது என்பதுதான் வேதனை. 1894-ல் பிரான்ஸ் நாட்டுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அறுந்த ரத்தக்குழாயைத் தைக்க அன்று யாருக்கும் தெரியவில்லை. அதே ஊரில் இருந்த இளம் மருத்துவர் அலெக்சிஸ் காரல், எம்பிராய்டரி செய்யும் ஒரு பெண்மணியிடம் போய் நுண்ணிய ஊசியையும் நூலையும் கையாளப் பழகி, குழாய்களைத் தைக்கும் முறையை உருவாக்கினார். 1912-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொரியப் போரில்தான் அது போர்க்களத்தில் பரவலாகி, கால் இழப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. உங்கள் தம்பியின் முட்டிக்குப் பின்னால் இருக்கும் தையல் அந்தப் பூவேலையின் வழியில் வந்ததுதான்.

மற்றக் காலிலிருந்து சிரையை எடுத்ததற்கும் காரணம் உண்டு. அடிபட்ட காலில் ஆழத்திலுள்ள சிரைகளும் சேதமாகியிருக்கலாம். மிச்சமிருக்கும் வடிகாலையும் எடுத்துவிட்டால் கால் வீங்கிப்போகும். செயற்கைக் குழாய் கடையில் கிடைக்கிறது, ஆனால் மடக்கி மடக்கி நீட்டும் இடத்தில் சொந்தச் சிரை மாதிரி அது நீடித்து உழைக்காது. சிரைக்குள் ரத்தம் ஒரே பக்கம் போவதற்கான சின்ன வால்வுகள் உண்டு, ஆகவே தலைகீழாகத் திருப்பி வைத்துத் தைப்போம்.

கெண்டைக்காலை இருபுறமும் கீறியதைப் பார்த்து உங்கள் அம்மா அழுதிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எல்லாத் தாய்மாரும் அதைப் பார்த்துத்தான் அழுகிறார்கள். கெண்டைக்கால் தசைகள் நான்கு அறைகளாக, விறைப்பான உறைக்குள் இருக்கின்றன. இறுகத் தைத்த தலையணை உறைக்குள் பஞ்சு ஊதினால் எப்படி இருக்கும்? பல மணி நேரம் பட்டினி கிடந்த தசைக்குள் ரத்தம் திரும்பப் பாயும்போது அது அப்படித்தான் வீங்கும். உறை இடம் கொடுக்காவிட்டால், தைத்த தமனி நன்றாக ஓடினாலும் தசை உள்ளேயே நசுங்கிச் செத்துவிடும். அதனால் உறையைத் திறந்துவிட்டு, வீக்கம் வடிந்த பிறகு மூடுவோம், தேவைப்பட்டால் தொடைத் தோலை எடுத்து ஒட்டுவோம். அந்த இரண்டு நீளத் தழும்பும் காலைக் காப்பாற்றியவை. காலை ஏழெட்டு மணிக்கு வந்த பையனுக்கு இதையும் சேர்த்துச் செய்த அந்த மருத்துவக் குழு மிகச் சரியாகச் செய்திருக்கிறது.

இப்போது பாதம். முட்டியின் வெளிப்பக்கம், கீழ்க்காலின் மெல்லிய எலும்பான சிற்றெலும்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் போகிறது. பாதத்தை மேலே தூக்குவது அதன் வேலை. முட்டி விலகும்போது நாலில் ஒருவருக்கு நரம்பிலும் அடிபடுகிறது, பெரும்பாலும் இந்த நரம்பில்தான். அது அறுந்திருக்கலாம், அல்லது இழுபட்டு மயங்கியிருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. ரத்தம் நின்ற அந்த இரவில் முன்கால் தசையே செத்துப்போயிருந்தாலும் பாதம் தொங்கும். எது என்று தெரிய நரம்பு மின்சோதனை செய்ய வேண்டும். மூன்று மாதம் ஆகிவிட்டதால் அதற்கு இதுவே சரியான நேரம். நரம்பு வளர்ந்தால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். ஆகவே ஒரு வருடம்வரை பொறுத்துப் பார்ப்பது வழக்கம். எல்லோருக்கும் திரும்பிவிடும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். முழுசாகச் செயலிழந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே நல்ல பலம் திரும்புகிறது.

அதற்குள் செய்ய வேண்டியது, பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் அட்டையைச் செருப்புக்குள் வைத்துப் போட்டுக்கொள்வது. அதைப் போடாமல் விட்டால் குதிகால் நாண் சுருங்கி, பாதம் கீழ்நோக்கியே விறைத்துவிடும். பிறகு நரம்பு தேறினாலும் பயனில்லை. நரம்பு தேறவே இல்லை என்றால், பாதத்தை உள்பக்கம் திருப்பும் தசையின் நாணை முன்பக்கம் கொண்டுவந்து கட்டி, தூக்கும் வேலையை அதற்குக் கொடுக்கலாம். இதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய அனுபவம் உண்டு. தொழுநோயால் பாதம் தொங்கிப்போனவர்களுக்காக வேலூர்ப் பக்கத்திலும் செங்கல்பட்டிலும் இந்த ஆபரேஷனைப் பல்லாண்டு செய்து தேறியவர்கள் நம் மருத்துவர்கள். செங்கல்பட்டைச் சேர்ந்த எச். சீனிவாசனும் உடனிருந்தவர்களும் 1968-ல் எழுதிய முறை இன்றும் உலகெங்கும் பேசப்படுகிறது.

கபடி ஆடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பியின் வயதை நினைத்து இதை எழுதக் கை தயங்குகிறது. இருந்தாலும் என் பதில், வேண்டாம். முட்டியின் முக்கிய ஜவ்வுகளில் இரண்டு மூன்று கிழியாமல் முட்டி இப்படி விலகாது. அவற்றை எலும்பு மருத்துவர் இனிமேல்தான் சரிசெய்யப் போகிறார், அல்லது செய்துகொண்டிருக்கிறார். பின்னால் ஓடுவது ஒட்டுப்போட்ட குழாய். அதன் மேல் இன்னொரு முறை இரண்டு பேர் விழக் கூடாது. அமெரிக்கக் கால்பந்து வீரர் ராபர்ட் எட்வர்ட்ஸ் 1999-ல் ஹவாய் கடற்கரை மணலில் ஆடிய ஒரு கேளிக்கை ஆட்டத்தில் முட்டி விலகி, காலையே எடுக்க வேண்டிவரும் என்ற நிலைக்குப் போனார். மூன்று வருடம் கழித்து 2002-ல் திரும்ப ஆடினார். 2017 அக்டோபரில் சிகாகோ அணியின் சாக் மில்லருக்கு ஆட்டத்தின் நடுவே முட்டி விலகி இதே தமனி கிழிந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் அன்றே தைத்துக் காலைக் காப்பாற்றினார்கள், ஆனால் அவர் பிறகு ஆடவே இல்லை. இரண்டு பேருக்கும் பக்கத்தில் எப்போதும் மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் இருந்தார்கள். தம்பி நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், நீந்தலாம், வேலைக்குப் போகலாம். பசங்களுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கலாம். மேலே விழுந்து பிடிக்கிற ஆட்டம் மட்டும் இனி வேண்டாம்.

பெரியப்பாவின் தோள் விஷயம் வேறு. தோள் விலகுவது சாதாரணமாக நடப்பது, அதில் தமனி கிழிவது மிக அபூர்வம். ஆனால் அப்படிக் கிழிகிறவர்களில் பெரும்பாலோர் அவர் வயதுக்காரர்கள்தான். வயதாக ஆக ரத்தக்குழாய் நெகிழ்வை இழந்து கெட்டிப்படுகிறது, இழுத்தால் கொடுக்காமல் கிழிகிறது. அங்கே இன்னொரு சூதும் உண்டு. தோளைச் சுற்றி மாற்றுப் பாதைகள் தாராளமாக இருப்பதால், அக்குள் தமனி கிழிந்தாலும் மணிக்கட்டில் நாடி துடிக்கலாம். ஆகவே நாடியை மட்டும் நம்பக் கூடாது. தோள் சேர்ந்த பிறகு அக்குளில் வீக்கம் பெருத்துக்கொண்டே போவது, கை மரப்பது, வெளிறுவது இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. அவர் தானே போட்டுக்கொள்வதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வயதில் திரும்பத் திரும்ப விலகுகிறது என்றால் தோளைப் பிடித்து வைக்கும் தசைநாண் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டட்டும்.

உங்கள் அணிக்காகவும் சில வார்த்தைகள். அடுத்த போட்டியில் யாருக்காவது முட்டி விலகினால், யாரையும் இழுக்க விடாதீர்கள். உங்களைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. எலும்பும் முறிந்திருந்தால் இழுப்பவர் கையில் அது தெரியாது. ஒரு பலகையோ மட்டையோ வைத்துக் காலை அசையாமல் துண்டால் தளர்வாகக் கட்டி, 108-ஐக் கூப்பிடுங்கள். பாதம் வெளிறிச் சில்லிட்டிருக்கிறது, ஆம்புலன்ஸ் வர நெடுநேரம் ஆகும் என்றால் மட்டும், கால் இருக்கும் திசையிலேயே மெதுவாக நீட்டி நேராக்கலாம், முறுக்கக் கூடாது. எண்ணெய் போட்டு நீவுவது வேண்டாம். மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டும் நாட்டுக்கட்டும் இந்தக் காயத்துக்கு வேண்டாம். இறுகிய கட்டு கையையும் காலையும் எப்படி முடமாக்குகிறது என்று 1881-லேயே ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் எழுதிவைத்தார். இன்னும் அந்த மாதிரிக் கைகளோடு எங்களிடம் வருகிறார்கள். சில்லிட்ட பாதத்தின் மேல் ஐஸ் வைக்காதீர்கள், காலை உயரத் தூக்கியும் வைக்காதீர்கள். மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் டீயோ சோடாவோ வாங்கிக் கொடுக்காதீர்கள்.

போகும் வழியில் இரண்டு பாதத்தையும் ஒரே நேரத்தில் தொட்டுப் பாருங்கள், சூட்டில் வித்தியாசம் உடனே தெரியும். பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் எவ்வளவு சீக்கிரம் சிவக்கிறது என்று மற்றக் காலோடு ஒப்பிடுங்கள். புறங்காலில் நாடி கிடைத்தால் அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, நேரத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். நாங்களும் வார்டில் அப்படித்தான் செய்கிறோம். சிலருக்குப் பிறவியிலேயே புறங்கால் நாடி கிடைக்காது, கணுக்காலின் உள்பக்கம் பின்னால் தேடுங்கள். மருத்துவமனையில் ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: 'கணுக்கால் அழுத்தம் பார்த்தீர்களா, இல்லை என்றால் பார்க்கிற இடத்துக்கு அனுப்புகிறீர்களா?' மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ரத்தநாள அறுவைக்கென்றே தனித் துறை இருக்கிறது. உங்கள் மாவட்டத்திலிருந்து மதுரை எட்டு மணி நேரத்துக்குள் தாராளமாகப் போய்ச் சேரக்கூடிய தூரம்தான்.

கடைசியாக, கடிதத்தில் நான் தேடியும் கிடைக்காத ஒரு விஷயம். வைத்த சிரைக்கு ஸ்கேன் செய்து பார்த்தீர்களா? தைத்த இடங்கள் முதல் வருடத்தில் உள்ளுக்குள் தடித்துச் சுருங்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது, திடீரென்று ஒருநாள் அடைத்துக்கொள்ளும். முன்கூட்டியே தெரிந்தால் எளிதாகச் சரிசெய்துவிடலாம். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம் என டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அட்டையில் ஆஸ்பிரின் எழுதியிருந்தால் மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை ஒரு நாளும் விடக்கூடாது. தம்பிக்கு சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தட்டும், அந்தக் குழாயை அடைப்பதில் அதற்கு இணை வேறில்லை. டிஸ்சார்ஜ் அட்டையையும் இந்தப் பதிலையும் எடுத்துக்கொண்டு, ஆபரேஷன் செய்த அதே மருத்துவமனையின் புறநோயாளி பிரிவுக்கு இந்த வாரமே அவனைக் கூட்டிப்போங்கள். ஸ்கேனையும் நரம்பு மின்சோதனையையும் ஒரே நடையில் முடித்துவிடலாம்.